நாற்பத்தோரு வண்டி

1983 மே 14, சனிக்கிழமை, காலை ஐந்தேமுக்கால். நாற்பத்தோரு வண்டி.

மகனுக்கு,

தேதி, மணி, எண்ணிக்கை. லேபில் எதை எழுதினாலும் முதல் வரியில் இந்த மூன்றும் இருக்க வேண்டும். எனக்குப் பழகிப்போச்சு. மூன்றாவது என்ன எண்ணிக்கை என்று போகப் போகச் சொல்கிறேன். நீ பிறந்து இன்றோடு பதினாறு நாள். இன்னும் பேர் வைக்கவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைப்பதா, வீட்டிலேயே தொட்டிலில் போட்டு வைப்பதா என்று உன் அம்மாவும் பெரியம்மாவும் சண்டை போட்டு முடிக்கவில்லை. அதனால் 'மகனுக்கு' என்று மட்டும் போட்டிருக்கிறேன். இதை நீ படிக்கும்போது உனக்கு என் வயசு ஆகியிருக்க வேண்டும். இருபத்தேழு. அதற்கு முன்னால் கொடுக்க மாட்டேன். பத்து வயசில் கொடுத்தால் அப்பாவை மன்னித்துவிடுவாய், பதினேழில் கொடுத்தால் திட்டுவாய். எனக்கு இரண்டும் வேண்டாம். இவன் சொல்வது சரியா என்று பார்க்கிற வயசு வரட்டும். மற்ற அப்பாக்கள் இந்த மாதிரிக் கடிதத்தை மகனுடைய கலியாணத்துக்கு முன்னாலோ, தங்களுக்குக் கண் மங்கின பிறகோ எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

இப்போது கம்பெனி லேபில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஸ்டாண்டில் இரண்டு டெஸ்ட் டியூப் நிற்கிறது. இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு விட்டேன். ஒன்றில் தண்ணீர் விட்டது விட்டபடி நிறமில்லாமல் இருக்கிறது. அது குன்றத்தூரில் நம் வாடகை வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்று ஊதாவாகிவிட்டது. அது வடக்குப்பட்டில் உன்னைக் குளிப்பாட்டின தண்ணீர். உன் அம்மா இந்த மாசம் முழுக்கக் குடித்த தண்ணீரும் அதுதான். நேற்று உன்னைத் துணி விலக்கி முழுசாகப் பார்த்தேன். முதுகிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்து பொரிந்திருந்தது. கரப்பான் என்று பெரியம்மா சொன்னாள். இருக்கலாம். எனக்கு அது வேறாகவும் தெரிந்தது.

நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் விளக்கு வளையத்துக்கும் குரோம் முலாம் பூசுகிறோம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறவர்கள் உண்டு. முலாம் தொட்டியில் முக்கி எடுத்ததைத் தண்ணீரில் அலச வேண்டும். அலசின தண்ணீர் மஞ்சளாக இருக்கும், அதுதான் விஷம். அதை அப்படியே விடக்கூடாது. முதலில் ஒரு மருந்து போட்டு மஞ்சளை முறிக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சேறாகக் கீழே படியும். அந்தச் சேற்றை வெளியே ஒரு குழியில் தள்ளுவோம். குழி என் பொறுப்பு. போன வருஷம் கோடையில் முறிக்கிற மருந்து இரண்டு மாசம் வரவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "சுண்ணாம்பு இருக்குதில்ல? அதைப் போட்டு ஓட்டுப்பா. லைனை நிறுத்தினா அறுபது பேரு நாளைக்கு எங்க போவான்?" என்றார். அவர் கெட்டவர் என்று நினைக்காதே. அறுபது பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷன். நான் ரெஜிஸ்டரில் 'சுண்ணாம்பு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று அப்போது ஒரு நினைப்பு.

உன் அம்மாவின் அப்பா முனுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மாமனார். வடக்குப்பட்டில் கழனி. அந்தப் பக்கம் கோடையில் ஏரி வற்றினதும் அடி வண்டலை வெட்டிக் கழனிக்கு அடிப்பார்கள். இத்தனை வீட்டுக்கு இத்தனை வண்டி என்று முறை உண்டு. இன்றைக்கு உன் மாடு என் கழனிக்கு, நாளைக்கு என் மாடு உன் கழனிக்கு. வண்டல் அடித்த வருஷம் உரம் பாதி போதும். போன வருஷம் ஏரி வற்றவில்லை. நடுவில் இடுப்பளவு தண்ணீர் நின்றுவிட்டது, வண்டல் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் மாமா என்னைப் பார்க்கக் கம்பெனிக்கு வந்தார், பலாப்பழம் எடுத்துக்கொண்டு. குழியைப் பார்த்தார். சாம்பலும் பச்சையுமாக, வெண்ணெய் மாதிரி வழவழவென்று கிடந்தது. குனிந்து இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்ளே, இது இன்னா வண்டலு மாதிரியே கீது?"

"சுண்ணாம்புச் சேறு மாமா. மழைக்கு முன்னாடி குழியைக் காலி பண்ணணும். எங்க கொட்டறதுன்னு மேனேஜர் தேடிக்கினு இருக்காரு."

"எங்க கழனியில கொட்டச் சொல்லுங்க. வண்டி எங்களுது." அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "மாட்டுக் காலைச் சுடுமா?"

அந்தக் கேள்வியை நினைத்துப் பார். வண்டலைக் கொட்டினதும் மாட்டை அதிலேயே மிதிக்கவிட்டுத்தான் பரப்புவார்கள். கால் வெந்துவிட்டால் நடவுக்கு மாடு இல்லை. அவர் இடத்தில் நின்று பார்த்தால் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. நான் லேபுக்கு ஓடிப்போய் லிட்மஸ் காகிதம் எடுத்துவந்தேன். சேற்றுத் தண்ணீரில் முக்கினேன். சிவப்பு, நீலம் இரண்டு காகிதமும் நிறம் மாறவில்லை, அமிலமும் இல்லை, காரமும் இல்லை. "பார்த்தீங்களா மாமா, சுடாது" என்று காட்டினேன். காட்டினதோடு வாயை மூடியிருக்க வேண்டும். "சுண்ணாம்பு இருக்கறதால மண்ணுக்கு நல்லதுதான்" என்றும் சேர்த்தேன். யாரும் கேட்காத அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொன்னேன் தெரியுமா? கலியாணமாகி ஏழு மாசம். அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் தெரியாது. மாட்டை நுகத்தில் பூட்டத் தெரியவில்லை என்று உன் பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தாள். முதல் முறையாக எனக்குத் தெரிந்த விஷயத்தில் என்னை ஒருத்தர் கேட்டார். சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

மஞ்சளைக் கண்டுபிடிக்கிற மருந்து பாட்டில் லேபில் இரண்டாவது தட்டில்தான் இருந்தது. விஷம் இருந்தால் ஊதாவாகும். எடுத்து இரண்டு சொட்டு விட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். சேற்றின்மேல் தேங்கின தண்ணீர் லேசாக மஞ்சள் அடித்ததை நான் பார்த்தேன். துருவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முறிக்கிற மருந்து போடவில்லை என்று என் கையெழுத்திலேயே எழுதிவைத்தவன் நான். அவர் கேட்டது மாட்டுக் காலைப் பற்றி, நான் பதில் சொன்னதும் மாட்டுக் காலைப் பற்றி. நாளைக்கு யாராவது உன் படிப்பை நம்பி ஒன்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகாதே. அவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. அது உனக்குத்தான் தெரியும், அதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தோம்.

ஒன்பது நாள் வண்டி ஓடியது. முறை வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு, ஏரிக்குப் போகிற மாதிரியே வந்தார்கள். கேட்டில் நின்று நான் எண்ணினேன். மாமா கழனிக்கு இருபத்துமூன்று, பக்கத்துக் கழனி அந்தோணிக்குப் பதினெட்டு. அந்தோணி முதலில் வேண்டாம் என்றான். "கம்பெனிக்காரன் ஓசியில குடுக்கறான்னா நெஞ்சுல இன்னாவோ இடிக்குது அண்ணே" என்றான். மாமாதான் அவனைச் சம்மதிக்க வைத்தார். "எங்க மாப்ளே காயிதத்தை முக்கிப் பார்த்துட்டாருடா!"

சம்பா நட்ட இருபதாம் நாளே நாற்று நுனி வெளுத்தது. மாமா விதையைச் சந்தேகப்பட்டார், யூரியாவைச் சந்தேகப்பட்டார், வரப்பில் நின்று கண் வைத்தவர்களைச் சந்தேகப்பட்டார். என்னைச் சந்தேகப்படவில்லை. நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்றைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிக் காட்டினார். வேர் பல் தேய்க்கிற பிரஷ் அளவுக்குக் கட்டையாக நின்றது. "வேரு ஓடவே இல்ல மாப்ளே. காலை நீட்டப் பயந்துகினு சுருண்டுகினு கீது" என்றார். அந்தோணி வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, உங்க மாப்ளே குடுத்தது உரமா, கழனிக்கு அடிக்கற பெயிண்டா?" என்றான். மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மா இருடா. படிச்சவரு. தெரியாம சொல்வாரா?" என்றார்.

சாப்பாட்டு டப்பாவில் ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்தேன். லேபில் தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்ததை எடுத்து, இரண்டாவது தட்டில் இருந்த பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு. ஊதா. டியூபைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். டப்பாவையும் கழுவினேன். அன்று சாயங்காலம் உன் அம்மாவுக்கு வாந்தி வந்தது, நீ வரப்போகிறாய் என்று தெரிந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதில் போய் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு கிடைத்தது. அடுத்த மாசம் வேறு சாக்கு. சொன்னால் வேலை போகும். சொன்னால் மாமா இனி என் முகத்தைப் பார்ப்பாரா? சொல்லி என்ன, மண்ணை மாற்றவா முடியும்? எட்டு மாசம் இப்படியே ஓட்டினேன். நடுவில் ஒரு அரைகுறை வேலையும் செய்தேன். "அந்தக் கழனியை இந்த நவரைக்குச் சும்மா போடுங்க மாமா, மண்ணு ஓய்வெடுக்கட்டும்" என்றேன். ஏன் என்று கேட்காமல் சும்மா போட்டார். அந்தோணியையும் போட வைத்தார். இரண்டு குடும்பமும் ஒரு போகம் இழந்தது என் வார்த்தையை நம்பி. மண்ணோடு முடிந்தது, இனி பரவாது என்று நினைத்தேன். மழை மண்ணுக்குள் இறங்கும், இறங்கும்போது கூட்டிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கழனி ஓரத்தில் ஒரு கிணறு இருக்கிறது. வீட்டுக் கிணறு சித்திரையில் வற்றிவிடும், அப்புறம் மழை வரும்வரை குடிக்க, குளிக்க எல்லாம் கழனிக் கிணறுதான். எனக்கு அது தெரியாது. கோடையில் நான் அங்கே தங்கினதே இல்லை. நேற்று உன்னைப் பார்க்க லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரியம்மா உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பீங்கான் பேசின். அதில் தண்ணீர்.

"இன்னா மாப்ளே அப்படிப் பாக்கறீங்க? உங்க புள்ளைக்கு மஞ்சளே பூச வேணாம், எங்க கிணத்துத் தண்ணியே மஞ்சளா ஊறுது! பொண்ணாப் பொறந்திருந்தா சடங்குச் செலவு மிச்சம்" என்று சிரித்தாள்.

உன் அம்மாவும் சிரித்தாள். "ஒரு வாரமா இப்படித்தாங்க கீது. தண்ணி அடிமட்டத்துக்குப் போச்சு இல்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே சொம்பைத் தூக்கிக் குடிக்கப் போனாள். நான் சொம்பைத் தட்டிவிட்டேன். அது உருண்டு வாசல்வரை போனது. நீ வீறிட்டு அழுதாய். மாமா ஓடிவந்தார்.

"இன்னா மாப்ளே, இன்னா ஆச்சு?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். மூன்று பேர்தான் இருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிணத்துல எலி விழுந்து செத்துக் கெடக்குது மாமா. இந்தத் தண்ணியை யாரும் தொடாதீங்க." பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. உண்மையை எட்டு மாசமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன், அது வரவில்லை. எலி ஒரு நொடியில் வந்தது. தெருமுனைக் கைப்பம்பில் நானே நாலு குடம் அடித்து வைத்தேன், ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கிளம்பும்போது மாமா வாசலில் நின்று அந்தோணியைக் கூப்பிட்டார். "டேய் அந்தோணி, நாளைக்கு ஒம்போது மணிக்கு மோட்டாரைப் போட்டுக் கிணத்தை எறைச்சுடலாம். எலி விழுந்துச்சாம். எறைச்சு, உள்ள எறங்கிக் கழுவிட்டா புதுசா ஊறிக்கும். பச்சப் புள்ள இருக்கற வூடு." அந்தோணி உடனே, "எறைக்கற தண்ணியை வீணாக்காத அண்ணே, எங்க கத்திரி நாத்துக்குத் திருப்பி வுடு. எலி விழுந்தா இன்னா, கத்திரிக்கா மாட்டேன்னா சொல்லப்போவுது?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க பார்த்தீங்க மாப்ளே" என்றார்.

பாதி ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். என் எலி என்ன செய்யப்போகிறது என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். கிணற்றை இறைத்துக் கழுவி, வீட்டார் நிம்மதியாகத் திரும்பக் குடிக்கத் தொடங்குவார்கள். ஊறுவது அதே மஞ்சள். இறைத்த தண்ணீர் அந்தோணியிடம் மிச்சமிருக்கிற ஒரே நல்ல துண்டுக்குப் போகும். மாமா கிணற்றுக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்பார், செத்த எலியைத் தேடிக்கொண்டு. உடனே திரும்பிப் போகத்தான் நினைத்தேன். ஆனால் வெறும் வாயோடு போனால் மறுபடி வேறொரு எலியைச் சொல்லிவிடுவேன் என்று பயம் வந்தது. அதனால் இன்று விடியும் முன்னால் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தேன். இப்போது ஊதா டியூபுக்குக் கார்க் போட்டாயிற்று. இதை யாரும் எலி என்று சொல்ல முடியாது, நான் உட்பட.

உனக்கு நான் சொத்து என்று எதுவும் வைக்கவில்லை. அந்தக் கழனியில் ஒரு பங்கை மாமா உனக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். நீ பிறந்த அன்று சொன்னார், நான் தலையை ஆட்டினேன். நீ கழனி பார்ப்பாயோ, என்னைப் போல லேபுக்கு வருவாயோ தெரியாது. இந்த ரோட்டில் கம்பெனிகள் இன்னும் வரும். வரட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. குரோம் பூசுவதும் பாவம் இல்லை. எங்கே கொட்டுகிறாய், கொட்டின பிறகு அது எங்கே போகிறது என்று கடைசிவரை கூடவே போய்ப் பார்க்க வேண்டும். நான் கேட்டோடு நின்றுவிட்டேன். நாற்பத்தொன்று என்று எண்ணி எழுதிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மணி ஆறு நாற்பது. இனி செய்யப்போவது:

1. ஏழு மணி பஸ். சைக்கிளில் போனால் டியூப் குலுங்கி உடைந்துவிடும். எட்டரைக்குள் கிணற்றடியில் நிற்பேன். மோட்டார் சுவிட்சில் முதலில் என் கை இருக்க வேண்டும்.

2. எலி இல்லை என்று சொல்வேன். மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு இல்லை. அந்தோணி, பெரியம்மா, உன் அம்மா எல்லோரும் நிற்கும்போது.

3. அதே மாதிரி அவர்கள் கண் முன்னால் சோதனை செய்து காட்டுவேன். கைப்பம்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு சொட்டு. காகிதத்தை முக்கி நம்ப வைத்தேன் இல்லையா, அதே கையால் இதையும் செய்ய வேண்டும். அப்புறம் அவர்கள் பேசுவார்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

4. உன்னையும் உன் அம்மாவையும் இன்றே குன்றத்தூருக்குக் கூட்டிவருவேன். முதுகை டாக்டரிடம் காட்டுவேன். தண்ணீரில் என்ன இருந்தது என்று அவரிடம் பேரைச் சொல்லியே சொல்வேன்.

5. மழைக்கு முன்னால் இரண்டு கழனியிலும் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி வண்டியில் ஏற்றிக் கம்பெனிக்கே திருப்பி எடுத்து வருவேன். ஆள் வந்தால் ஆளோடு, வராவிட்டால் தனியாக. மேனேஜர் லேசில் கேட்டைத் திறக்க மாட்டார், திறக்கிறவரை வண்டியைக் கேட்டிலேயே நிறுத்திவைப்பேன். நான் ரெஜிஸ்டரில் 'உள்ளே' என்கிற பக்கத்தில் தேதி, மணி, எண்ணிக்கை எழுதுவேன். நாற்பத்தொன்றுக்கு மேலேயே வரும். கலந்த மண் கூடத்தான் செய்யும்.

6. போன வருஷம் 'சுண்ணாம்பு மட்டும்' என்று நான் எழுதின பக்கங்களைப் பார்த்தெழுதி, கையெழுத்துப் போட்டு, தாலுகா ஆபீஸில் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும். மாட்டை நுகத்தில் பூட்டக் கற்றுக்கொள்கிறேன்.

7. இந்தக் கடிதத்தை உன் பிறந்த சீட்டோடு வைப்பேன். இருபத்தேழு வயசில் இதைப் படித்ததும் அந்தக் கழனிக்குப் போ, ஒரு கைப்பிடி மண் எடு, நீயே சோதித்துப் பார். ஊதா வந்தால் நேராக என்னிடம் வா. நான் எலி என்று சொன்னால் நம்பாதே.